தகரம் பார்க்க வந்த மனிதர்

ஆனி மாதத்து வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளி மப்ளர் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் நடந்து வந்தால் அவரை எப்படி நம்புவது? ரசூல் நம்பவில்லை. கொட்டகை வாசலில் குந்தியபடி காஸ் லைட்டின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவன், கை வேலையை நிறுத்தாமலே அந்த ஆளை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தான். நல்ல உயரம். வெள்ளை ஜிப்பா. ஜரிகை மங்கிப்போன அங்கவஸ்திரம். கையில் குடை, வெயில் மண்டையைப் பிளந்தும் அதை விரிக்கவில்லை. தோளில் ஒரு துணிப்பை. அதை மட்டும் ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தார்.

"உள்ளே பார்க்கலாமா?" என்றார் அவர். பேசினார் என்றுகூடச் சொல்ல முடியாது, காதில் ரகசியம் ஊதுவதுபோல் ஊதினார். சுற்றுவட்டாரத்தில் ஒரு காக்கைகூட இல்லாத பட்டப்பகலில் ரகசியக் குரல் எதற்கு?

"இன்னா பாக்கணும்?"

"சும்மா. கொட்டகையைத்தான்."

"நாடகம் ஒண்ணும் இல்லீங்களே. காலிக் கொட்டகையில பாக்கறதுக்கு இன்னா கீது?"

"காலியா இருக்கும்போதுதான் பார்க்கணும்" என்றார் அவர்.

அந்த ஒரு பதில் போதும், ரசூல் பயந்துவிட்டான். காலியாக இருக்கும்போது கொட்டகையைப் பார்க்க விரும்புகிறவன் நாடகம் பார்க்கிறவன் அல்ல. அவன் வேறு எதையோ பார்க்க வந்தவன்.

ரசூல் பயந்ததற்குக் காரணம் இருந்தது. திருத்தணி மலையடிவாரத்தில், குளத்துக்குப் போகிற பாதையில் இருந்த அந்தக் கொட்டகைக்கு 'வள்ளி விலாஸ்' என்று பெயர். மரமண்டி முனிரத்தின முதலியாரின் தகப்பனார் கட்டியது. பெரிய சிக்கனக்காரர். மூன்று பக்கம் சுவர் எழுப்பிவிட்டு, நாலாவது சுவருக்கு மலையையே வைத்துக்கொண்டுவிட்டார். ஒரு முனையில் மேடை; மறுமுனையில், மலையிலிருந்து இறங்கி வந்து படுத்துக்கொண்ட யானைபோல ஒரு பாறை. இரண்டுக்கும் நடுவே ஜனங்கள் உட்கார வேண்டும். மேலே தகரக் கூரை. அதைத் தாங்கிக்கொண்டு தேக்குத் தூண்கள், எல்லாம் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த மரம்.

ஒரு வாரம் தமிழ்க் கம்பெனி வரும், மறுவாரம் தெலுங்குக் கம்பெனி வரும். ஜனங்கள் இரண்டுக்கும் வந்து இரண்டிலும் அழுவார்கள். விளக்கு, படுதா, காவல் எல்லாம் ரசூல் பொறுப்பு. கொட்டகையை ஒட்டிய அறையில்தான் அவனும் அவன் மனைவி தில்ஷாத்தும் குடியிருந்தார்கள். நாடகம் தொடங்குமுன் முதல் காஸ் லைட்டை ஏற்றி, வாசலுக்குக் கொண்டுபோய், மலைப்பக்கம் ஒருமுறை உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் மேடைக்குக் கொண்டுவருவான். அவனுடைய நைனா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். "வேலனுக்கே பாய்தான்டா வெளிச்சம் காட்டணும்" என்று தரை டிக்கெட்டில் யாராவது கத்துவார்கள். ரசூல் உள்ளூர மகிழ்ந்துகொண்டு முறைப்பான்.

அந்த வெளிச்சம் ஏறி மாதக்கணக்காகிவிட்டது. யுத்தம் வந்த பிறகு ரயிலில் இடம் கிடையாது, மண்ணெண்ணெய் கிடையாது, கம்பெனிகளும் கிடையாது. முதலியார் ஒரு நாள் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ரசூலு, ஆடிக் கிருத்திகைக்கு வெத்தலைபாக்கு வாங்கின கம்பெனி ஒண்ணை இஸ்துகினு வா, கொட்டகை நிக்கட்டும். இல்லேன்னா கிருத்திகை முடிஞ்ச கையோட பிரிச்சிடுவேன். பர்மா ஜப்பான்காரன் கையில போயிடுச்சி. தேக்குக்கும் தகரத்துக்கும் மிலிட்டிரி காண்ட்ராக்டருங்க ஆலாப் பறக்கறானுங்க."

நாடகத் தொழிலில் வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. வெற்றிலை பாக்குத் தட்டு கைமாறினால் நாடகம் உறுதி. மாறாவிட்டால் எதுவும் உறுதி இல்லை. ரசூல் அரக்கோணம் வரை போய்ப் பார்த்தான். ஒருவரும் தட்டைத் தொடவில்லை.

கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சமயத்தில்தான் மப்ளர் மனிதர் வந்தார். போன மாதம் அடுத்த தெருவில் அரிசி மில் கிடங்கைப் பார்க்க இப்படித்தான் சிரித்த முகமாக ஒருவன் வந்தான். மறுவாரம் கூரைத் தகரமெல்லாம் லாரியில் ஏறியது. முதலியார் கிருத்திகை வரைக்கும் பொறுக்காமல், தன் முதுகுக்குப் பின்னால் விலை பேசுகிறாரோ?

உள்ளே விடமாட்டேன் என்று சொல்லவும் தைரியம் இல்லை. ரசூல் கதவைத் திறந்துவிட்டுப் பின்னாலேயே நடந்தான்.

அந்த ஆள் முதல் வேலையாகக் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்தார். பிறகு குடையின் முனையால் ஒரு தூணைத் தட்டினார். தட்டிவிட்டுத் தூணில் காதை வைத்துக் கேட்டார். அடுத்த தூண். அதற்கடுத்தது.

"அசல் தேக்கா?"

"ஆங்."

"தகரம் பழசா?"

"ரொம்பப் பழசுங்க. துருப்புடிச்சது. ஒண்ணுத்துக்கும் ஒதவாது."

"பழசுதான் நல்லது" என்று அவர் ரகசியக் குரலில் சொன்னார். "இப்ப வர்றதெல்லாம் காகிதம் மாதிரி படபடன்னு அடிச்சுக்குது."

தகரத்தில் இவ்வளவு ஞானம் உள்ளவன் யாராக இருக்க முடியும்? அந்த ஆள் மேடையேறி நடுவில் நின்று, ஒரே ஒரு தரம் கை தட்டினார். தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இறங்கிப் போய்ப் பாறைமேல் உள்ளங்கையை வைத்து, மாட்டைத் தடவிக்கொடுப்பதுபோல் தடவினார். பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார், எழுந்தார். தரை டிக்கெட் இடத்தில் உட்கார்ந்தார், எழுந்தார். போகும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. வாங்கப்போகும் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தவனின் திருப்தி.

"நாளன்னிக்கி இன்னொரு தரம் வர்றேன்" என்றார்.

அவர் தெருமுனை திரும்பியதும் ரசூல் சட்டையை மாட்டிக்கொண்டு துப்பறியக் கிளம்பினான்.

ஸ்டேஷன் ரோட்டில் காபி கிளப் வைத்திருந்த பெருமாளிடம் விசாரித்தான். "அந்த ஆளா? காபி குடிக்கமாட்டேன்றாரு. வெந்நீரு கேக்கறாரு பாய், வெந்நீரு! அதுல மிளகையும் பனங்கற்கண்டையும் போட்டுகினு, பச்சக் கொழந்தைக்குப் பால் குடுக்கறாப்போல சொட்டுச் சொட்டா முழுங்கறாரு. பேரு ஜெகநாதன்னு சொன்னாரு. புத்தூர்ல இருந்து வர்றாராம். அதுக்கு முன்னாடி நகரி, சித்தூரு, சோளிங்கரு. எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல நாடகக் கொட்டகை எங்க கீதுன்னுதான் கேப்பாராம்."

கொட்டகை கொட்டகையாக ஊர் சுற்றுகிறான்! ரசூல் சத்திரத்துக்கு ஓடினான். சத்திரத்து மணியக்காரர் வேறு கதை சொன்னார். அங்கே அந்த ஆளின் பெயர் சுப்பிரமணி.

ஒரே ஊரில் இரண்டு பெயர்.

மறுநாள் விடியலில் ரசூல் குளத்தங்கரைக்குப் போனான். கரையோர மண்டபத்தின் தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். அந்த ஆள் கழுத்தளவு தண்ணீரில், மலையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்தது, மூடியது, அகலமாகத் திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. தண்ணீருக்குள் தெரிகிற மீனைப்போல அவர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் தண்ணீர் சின்னச் சின்ன வளையமாக நடுங்கியது. யாருக்கு இந்தச் சைகை? மலைமேல் யார் நிற்கிறார்கள்? ரசூல் மலையைப் பார்த்தான். பூக்கூடைக்காரி ஒருத்திதான் ஏறிக்கொண்டிருந்தாள். அவள்மேலும் அவனுக்கு லேசாகச் சந்தேகம் வந்தது.

வீட்டுக்கு வந்து தில்ஷாத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மப்ளரு, வெந்நீரு, மிளகு. சளி புடிச்ச மனுஷன்" என்றாள்.

"சளி புடிச்சவன் விடிகாலையில கொளத்துல நிப்பானா?"

"அப்போ பைத்தியம்னு சொல்லுங்க. தகரக்காரன்னு எதுக்கு சொல்றீங்க? போன வருஷம் பட்டணத்துல குண்டு விழுதுன்னு ஓடியாந்தாரே ஒரு வக்கீலு, அவரை ஜப்பான்காரன் ஆளுன்னு சொல்லிகினு பின்னாடியே சுத்தினீங்க. கடைசியில அவரு உங்களைப் பிச்சக்காரன்னு நெனச்சிகினு சுண்டல் வாங்கிக் குடுத்தாரு."

"அது வேற."

"சுண்டலு நல்லா இருந்துச்சின்னு வேற சொன்னீங்க."

ரசூலின் மூளை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தோடே பிறந்து வெளிச்சத்தோடே வளர்ந்தவன் அவன். எந்த விளக்கை எங்கே வைத்தால் கந்தல் பட்டாகத் தெரியும், எங்கே வைத்தால் பட்டு கந்தலாகத் தெரியும் என்பது அவனுக்குக் கைவந்த வித்தை. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு எவன் விலை போடுவான்? தேக்கை மறைத்துவிட்டால்? தகரத்தை மறைத்துவிட்டால்?

அன்று முழுவதும் கொட்டகைக்குள் வேலை நடந்தது. பெட்டிகளில் மடித்துக் கிடந்த பழைய படுதாக்களை எல்லாம் வெளியே எடுத்தான். தர்பார் படுதாவால் ஒரு வரிசைத் தூண்களைப் போர்த்தினான். காட்டுப் படுதா மறுவரிசைக்கு. கடைத்தெருப் படுதாவைச் சுவரோடு தொங்கவிட்டான். மரமண்டியிலிருந்து கிழிந்த சாக்குகளை வாங்கிவந்து தில்ஷாத்திடம் கொடுத்தான். அவள் திட்டிக்கொண்டே சாக்கு ஊசியால் ஒன்றோடொன்று கோத்துத் தைத்தாள். ஏணி போட்டு அதைத் தகரத்துக்கு அடியில் விதானம்போலக் கட்டினான். மிஞ்சியது பாறை. மலையை யாரும் விலைபேச முடியாது என்றாலும், அந்த ஆள் தடவிக்கொடுத்தது ரசூலை உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு வைக்கோலைக் கடனாக வாங்கிப் பாறை மறைய அடுக்கினான்.

ஆர்மோனியக்காரர் யோபு ஊரில் இருந்திருந்தால் தடுத்திருப்பார். சனிக்கிழமை ராத்திரி கொட்டகையில் வாசித்துவிட்டு, ஞாயிறு காலையில் அதே விரல்களோடு மிஷன் கோவிலில் ஞானப்பாட்டுக்கு வாசிப்பவர் அவர். பாஸ்டர் ஐயா கண்டும் காணாமல் இருந்தார். ஊரில் வேறு ஆள் கிடையாது. ரசூலின் சந்தேகங்களை எல்லாம் ஒரு சிரிப்பில் ஊதித் தள்ளக்கூடிய ஒரே ஆள் யோபுதான். அவரோ மகள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று அரக்கோணம் போயிருந்தார்.

சொன்னபடி அந்த ஆள் மறுநாள் காலையில் வந்தார். முகம் தெளிவாக இருந்தது. ரசூலைப் பார்த்துச் சிரித்தார். வாசலைத் தாண்டி இரண்டடி வைத்ததும் நின்றுவிட்டார்.

அங்கிருந்தே சுற்றிப் பார்த்தார். பிறகு மேடையேறிக் கை தட்டினார். சத்தம் ஈரத்துணிபோல அவர் காலடியிலேயே விழுந்தது. இன்னொரு தரம், பலமாகத் தட்டினார். மூன்றாம் தரம் தட்டக் கையைத் தூக்கியவர் அப்படியே இறக்கிக்கொண்டார்.

திரும்பி ரசூலைப் பார்த்தார். அந்தப் பார்வையை ரசூல் நன்றாக அறிவான். கண்ணாடியில் தினமும் பார்க்கிற பார்வை அது.

"யார் சொல்லி இதைச் செஞ்சே?"

"இன்னா செஞ்சேன்? எப்பவும் இப்படித்தாங்க. உளுத்த மரம், ஓட்டைத் தகரம். சாக்கு கட்டலேன்னா மழைக்கித் தாங்காது."

"முந்தா நாள் இது இல்லே."

"இருட்டுல நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

அவர் ஏதோ சொல்ல வந்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு, சொல்லாமல் இறங்கிப் போனார். குடையை மேடையிலேயே விட்டுவிட்டுப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

ரசூலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தில்ஷாத்தைக் கூப்பிட்டு, "பாத்தியா? ஒரே பார்வையில ஓட்டம் புடிச்சான்!" என்றான். அவள் தெருவில் போகிறவரின் முதுகைப் பார்த்தபடி நின்றாள். "ஏங்க, நஷ்டம் வந்த வியாபாரி இப்படிப் போகமாட்டான். இது சாவு வீட்டுல இருந்து போறாப்போல கீது" என்றாள்.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, அரக்கோணத்திலிருந்து யோபு வந்து சேர்ந்தார். கையில் ஞானஸ்நான வீட்டுப் பலகாரப் பொட்டலம். ஊருக்கு எங்கே போய்விட்டு வந்தாலும் முதலில் தன் ஆர்மோனியத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நேராக மேடையோரம் போய், துணியை விலக்கி, துருத்தியை அழுத்தி ஒரு கட்டையைத் தொட்டார்.

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"யார்யா இது? கொட்டகை கழுத்த எவன்யா நெரிச்சது?"

"இன்னா வாத்தியாரே சொல்றே?"

"சத்தம் செத்துக் கெடக்கு! வாசிச்சது என் காதுக்கே வர்ல. இன்னாத்துக்கு இம்மாம் படுதா? மேல இன்னா அது, சாக்கா? அட பாவி, பாறைக்கி வேற வைக்கோலு போட்டு மூடிக்கீறியே!"

ரசூல் பெருமையோடு கதையைச் சொன்னான். மப்ளர், வெந்நீர், மிளகு, ரகசியக் குரல், கழுத்தளவு தண்ணீர். யோபுவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கை தட்டிய இடம் வந்ததும் பலகாரப் பொட்டலத்தை மேடையில் வைத்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ரசூலு, கழுத்தளவு தண்ணியில நின்னுகினு எவன்யா வாயத் தொறப்பான்? பாடறவன்யா அது! சாதகம் பண்றவன்! ஆள் நல்ல ஒசரமா? எடது புருவத்துல ஒரு வெட்டு கீதா?"

"ஆங். கீது."

"ராஜபார்ட் சாமிநாதன்."

ரசூல் ராஜபார்ட் சாமிநாதனைக் காஞ்சிபுரத்தில் ஒரு தரம் பார்த்திருக்கிறான். முருகன் வேஷத்தில், கிரீடமும் நீலப் பட்டும் மார்பு நிறைய மெடலுமாக. வேஷம் இல்லாமல் மப்ளரோடு நடந்து வந்தால் முருகனை யார் அடையாளம் கண்டுகொள்வார்கள்?

"அவருக்குத் தொண்டை போயிடுச்சின்னு ஒரு பேச்சு கீது" என்றார் யோபு. "மெய்யோ பொய்யோ. அதான் கொட்டகை தேடினு வந்துகீறாரு. நீ..."

"இல்ல வாத்தியாரே, பேரை எதுக்கு மாத்திச் சொல்லணும்? அதுல ஏதோ..."

"இன்னும் சந்தேகப்படறாரு பாருங்க!" என்று தில்ஷாத் கத்தினாள். "ஓடுங்க ஸ்டேஷனுக்கு! நாங்க இதையெல்லாம் அவுக்கறோம்."

மேடையில் கிடந்த குடையை எடுத்துக்கொண்டு ரசூல் ஓடினான்.

ஏதோ மிலிட்டிரி ஸ்பெஷலுக்கு வழிவிட்டு அரக்கோணம் பாசஞ்சர் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது, ரசூலின் அதிர்ஷ்டம். பிளாட்பாரத்தின் கோடியில், வேப்பமரத்தடி பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். ரசூலைக் கண்டதும் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"எவ்ளோ குடுத்தான் மாசிலாமணி?" என்றார். ரகசியக் குரல்தான். ஆனால் இந்தத் தரம் அதில் நெருப்பு இருந்தது.

"யாருங்க மாசிலாமணி?"

"நடிக்காதே. நடிப்பு என் தொழிலு. என் வேஷத்தைப் பறிக்கக் காத்துகினு கீறவன், என் தொண்டை சங்கதி தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். நான் எந்த ஊருக்குப் போறேன்னு ஆள் விட்டுப் பாத்துகினு கீறான். நான் போற கொட்டகையெல்லாம் எனக்கு முன்னாடி போயி... முந்தா நாள் அந்தக் கொட்டகைக்கு உசிரு இருந்துச்சிய்யா! ஒரே நாள்ல பொணமாக்கி வெச்சிருக்கே."

"ஐயா, சத்தியமா எனக்கு உங்க தொண்டையும் தெரியாது, மாசிலாமணியும் தெரியாது. அது நான் உங்களுக்குப் பயந்து கட்டினதுங்க."

"எனக்கா?"

"நீங்க தகரம் பாக்க வந்தவருன்னு..."

"எது பாக்க?"

"தகரம். தேக்கு. காண்ட்ராக்டர் ஆளு, வெல போட வந்தீங்கன்னு நெனச்சி மறைச்சேங்க. கிருத்திகைக்கு நாடகம் வர்லேன்னா கொட்டகையைப் பிரிச்சி வித்துடுவாரு மொதலாளி. எங்க வூடும் அதுலதாங்க கீது."

அவர் மெதுவாக எழுந்து நின்றார். எழுந்தபோது ஒரு கணம் ரசூலுக்குக் காஞ்சிபுரத்து முருகன் தெரிந்தான்.

"என்னைப் பாத்தா தகரக்காரன் மாதிரியா கீது?"

ரசூல் குடையை நீட்டினான். அதைக்கூட அவர் உடனே வாங்கவில்லை. விரித்து, உள்ளே எட்டிப் பார்த்து, மடக்கி வைத்துக்கொண்டார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே வெறிச்சென்று கிடந்த தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சித்தூர்க் கொட்டகை அரண்மனையாட்டம் கீது. ஆனா கூரை ஒசரம். பாட்டு மேல போயி புறாவோட குடித்தனம் பண்ணினு அங்கியே தங்கிடுது, கீழ எறங்கறதில்ல. புத்தூர்ல மூணு பக்கமும் ஓலைத்தட்டி. நான் பாடினா பொத்தல் வழியாப் பூந்து சந்தைக்குப் போயிடுது. நகரியில கொட்டகை நல்ல கொட்டகை, ஒட்டினாப்போல தறி. நான் ஒரு அடி பாடினா தறி ரெண்டு அடி பாடுது. சோளிங்கர்ல எதிர்காத்து, வார்த்தைய வாய்க்குள்ளயே திருப்பி அடைக்குது. காஞ்சிபுரம் கொட்டகை ஒரு கடலு. அதுல கொட்டறதுக்கு இப்ப என்கிட்ட கீறது ஒரு சொம்புத் தண்ணி."

மப்ளரைத் தளர்த்திக்கொண்டார். "பட்டணத்துல மைக்கு வெச்சி பாடறாங்க. முருகன் கையில வேலைப் புடிப்பானா, மைக்குக் கம்பத்தப் புடிப்பானா? தொண்டை போச்சின்னு தெரிஞ்சா வெத்தலைபாக்கு வேற ஆளுக்குப் போயிடும். அதான் எடத்துக்கு ஒரு பேரு. உங்க கொட்டகையில கை தட்டினேன். அந்தப் பாறை அதை வாங்கி, தூசு தட்டி, பத்திரமா என் கையிலியே திருப்பிக் குடுத்துச்சி. ஆடிக் கிருத்திகைக்கு வள்ளியைக் கட்டின ஊர்லியே வள்ளி கல்யாணம் பாடலாம்னு... ஹூம். இதையும் அவன்தான் உனக்குச் சொல்லிக் குடுத்தானா, தகரக் கதையை?"

ரயிலுக்குக் கைகாட்டி இறங்கியது. தூரத்தில் புகை தெரிந்தது.

"நம்ப வேணாங்க" என்றான் ரசூல். "நானும் ஒருத்தரையும் நம்பறவன் இல்ல, கட்டின பொஞ்சாதி சிரிக்கறா. என்னை நம்பாதீங்க. வந்து கை தட்டிப் பாருங்க. உங்க காதை நம்புங்க."

ரயில் வந்து நின்றது. அவர் எழுந்து போனார். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"சாக்கெல்லாம் அவுத்தாச்சா?"

"அவுத்துகினு கீறாங்க."

"வைக்கோலு?"

"அதுவுந்தாங்க."

இஞ்சின் கூவியது. அவர் காலை எடுத்துக்கொண்டார்.

ஜட்கா வண்டியில் திரும்பும்போது ரசூலின் கண் அந்தப் பையைவிட்டு அகலவில்லை. சாமிநாதன் அதைக் கவனித்துவிட்டார். பையின் வாயைக் கொஞ்சம் விரித்துக் காட்டினார். மிளகுப் பொட்டலத்துக்கும் பனங்கற்கண்டுக்கும் அடியில், பழைய வேட்டியில் சுற்றியபடி ஒரு கிரீடம். பொன் பூச்சு அங்கங்கே உதிர்ந்திருந்தது.

"தகரந்தான்" என்றார். "வெல போடறியா?"

வண்டிக்காரன் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான்.

கொட்டகைக்குள் படுதாக்கள் குவியலாகக் கிடந்தன. யோபுவின் தலையில் வைக்கோல். தில்ஷாத் ஏணியின்மேல் நின்று கடைசிச் சாக்கை அறுத்துக்கொண்டிருந்தாள். அது பொத்தென்று விழுந்து புழுதி கிளம்பியதும், உச்சி வெயிலில் காய்ந்த தகரம் மேலே டிக் டிக் என்று முனகுவது மறுபடி கேட்டது.

யோபு எழுந்து கும்பிட்டார். சாமிநாதன் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, கை தட்டுவதற்காக மேடைப் பக்கம் போனவர், பாதி வழியில் நின்று ரசூலைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் தட்டமாட்டேன். என் கை என் காதையே ஏமாத்திடலாம். நீ ஏறு மேடைமேல."

"நானுங்களா?"

"பேசு. உன் பொஞ்சாதிகிட்ட பேசறதைவிட மெதுவாப் பேசு. நான் பாறைகிட்ட ஒக்காந்துகிறேன்."

"அவரு எங்கிட்ட மெதுவாப் பேசினதே இல்லீங்களே" என்றாள் தில்ஷாத் ஏணியிலிருந்து.

அந்த மேடையில் எத்தனையோ விளக்குகளை ஏற்றி இறக்கியவன்தான் ரசூல். ஆனால் அதன் நடுவில் நின்று ஜனங்கள் உட்காரும் பக்கம் திரும்பிப் பார்த்தது கிடையாது. பார்க்க என்னவோ போல் இருந்தது. தூண்கள் இரண்டு பக்கமும் கை கட்டி நின்றன. கோடியில், பாறையின் நிழலில் சாமிநாதன் வெள்ளையாக ஒரு பொட்டுபோலத் தெரிந்தார். அவர் முகம் தெரியவில்லை. என்ன பேசுவது? பாட்டு வராது. வசனம் ஒன்றும் நினைவில்லை. வாயில் வந்ததை, உதட்டுக்குள்ளேயே, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னான்.

"எனக்கு இன்னும் உங்கமேல முழு நம்பிக்கை வர்லீங்க."

கொஞ்ச நேரம் தகரம் மட்டும் முனகியது. பிறகு அந்தக் கோடியிலிருந்து, யாரோ பக்கத்தில் வந்து நின்று காதோரம் சொன்னதுபோல, தேய்ந்து நூலாகிப்போன அந்தச் சின்னக் குரல், ஒரு எழுத்துகூடச் சிந்தாமல் மேடைக்கு வந்தது.

"எனக்குந்தான் வர்ல. வெத்தலைபாக்கு எங்க?"

தில்ஷாத் ஏணியிலிருந்து இறங்கித் தட்டை எடுக்க உள்ளே ஓடினாள்.